எஞ்சின் அறைக்குப் பூ வேலை எதற்கு?

ஒரு சின்ன விசைப்படகு. பின்தளத்தில் ஒரு மூடி. அதைத் தூக்கினால் உள்ளே எஞ்சின். வழக்கமாக அங்கே என்ன இருக்கும் என்று நேரில் பார்க்காதவர்களும் ஊகித்துவிடலாம்: எண்ணெய் வாடை, கறுத்துப்போன ஹோஸ்கள், கட்டுக்கட்டாக ஒயர்கள், அடியில் கொஞ்சம் தேங்கிய தண்ணீர், சுவரில் வெள்ளையோ சாம்பலோ ஏதோ ஒரு பெயின்ட். ஆனால் சில படகுகளில் மூடியைத் தூக்கியதும் கண் கூசும். நான்கு பக்கமும் அலுமினியத் தகடு. தகடு முழுக்க ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சிறு வட்டங்கள், மீன் செதில் மாதிரி. நாம் தலையை அசைத்தால் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் வெளிச்சம் ஒரு விசிறிபோலத் திரும்புகிறது. நடுவில் எஞ்சின், நகைப்பெட்டிக்குள் வைத்த பம்புசெட் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சொந்தமாகப் படகு வைத்திருப்பவர்களில் ஒரு சிறு கூட்டம், குளிர்காலத்தில் படகைக் கரையேற்றிப் போட்டிருக்கும் மாதங்களில் இந்த வேலையைச் செய்கிறது. இப்படியான படங்களை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. காசு இருக்கு, நேரம் இருக்கு, செய்றாங்க, அவ்வளவுதான் என்று நகர்ந்துவிட்டேன். ஆனால் நகரவில்லை போலிருக்கிறது. யார் பார்ப்பதற்காக இது? படகு ஓடும்போது மூடி மூடியிருக்கும். மூடி திறந்திருந்தால் படகு ஓடாது. ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். கெட்டுப்போன நேரத்தில் சுவரின் அழகை யார் ரசிக்கப் போகிறார்கள்?

இந்தக் கேள்வியை இலக்கியத்தில் நாம் வேறு சொற்களில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு வேலைப்பாடு தேவை? அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது? அலங்காரம் என்றாலே பொய்யா? அதனால் இதைப் படகுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று விட்டுவிடாமல் கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

*

முதலில் வேலையைப் பார்ப்போம். அந்த வட்டங்கள் அச்சில் வார்த்தவை அல்ல. ட்ரில் மெஷினில் துளையிடும் அலகுக்குப் பதிலாக ஒரு மரக்குச்சியோ ரப்பர் முனையோ கம்பி பிரஷ்ஷோ மாட்டுவார்கள். தகட்டின் மேல் எண்ணெயில் குழைத்த சாணைத்தூள். சுழலும் முனையைத் தகட்டில் ஒரு கணம் அழுத்தி எடுத்தால் ஒரு வட்டம். முனையின் விட்டத்தில் பாதி தூரம் நகர்த்தி அடுத்த வட்டம். வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை, அதுவும் முந்தையதன்மேல் பாதி ஏறும். வட்டம் ஒன்று சற்றே விலகினாலும் முழுத் தகட்டிலும் அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 மில்லிமீட்டர் வட்டம், 10 மில்லிமீட்டர் நகர்வு என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் நீளம் அரை மீட்டர் அகலமுள்ள தகட்டுக்கு 5000 வட்டங்கள். ஒன்றுக்கு 3 நொடி என்றாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல். அதுவும் ஒரே ஒரு தகட்டுக்கு.

இந்த வேலைப்பாடு கைக்கடிகாரங்களில் பழையது. கடிகாரத்தின் உள்தகட்டில், பற்சக்கரங்களுக்கு அடியில், முத்து வரிசைபோல இதே வட்டங்களை இடுவார்கள். பின்மூடி போட்டுவிட்டால் அதை இனி பார்க்கப்போவது ரிப்பேர்காரர் மட்டும்தான். ஜெனீவாவில் 1886இல் ஒரு சட்டமே வந்தது. கடிகாரத்தின் உள்ளுறுப்புகள் எப்படிச் செய்து முடிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து முத்திரையிடும் சட்டம். வெளியே தெரியாத வேலைக்கு அரசு முத்திரை! எனக்கு இது ரொம்பப் பிடித்த செய்தி.

பெரிய அளவில் பலரும் பார்த்தது 1927இல். லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டிய ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானத்தின் மூக்குப்பகுதித் தகடுகள் முழுக்க இந்த வட்டங்கள்தான். விமானம் இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அந்த விமானத்தில் எடையைக் குறைப்பதற்காக ரேடியோ கிடையாது, பாராசூட் கிடையாது, நேர் முன்னால் பார்க்கும் கண்ணாடி கூடக் கிடையாது, அந்த இடத்தில் பெட்ரோல் டேங்க். எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே வந்தவர்கள் மூக்கில் மட்டும் இத்தனை ஆயிரம் வட்டங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். வட்டங்களுக்கு எடை இல்லை என்பதால் தப்பித்தன என்று சொல்லலாம். தகட்டின் சிறு கீறல்களை அந்த வேலைப்பாடு மறைத்துவிடும் என்பதும் உண்மை. இந்த ‘மறைத்துவிடும்’ என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

*

படகு மெக்கானிக் யாரிடமாவது இந்த அலங்காரத் தகடுகளைக் காட்டினால் அவர் முகம் சுளிப்பார். அவர் சுளிப்பதற்குக் காரணம் ரசனையல்ல.

எஞ்சின் அறைச் சுவருக்கு வெள்ளையோ வெளிர்சாம்பலோ அடிப்பது சும்மா இல்லை. வெளிர் நிறத்தில் ஒரு துளி எண்ணெய் சொட்டினாலும் தெரியும். டீசல் கசிந்தால் தெரியும். குளிர்விக்கும் தண்ணீர் எங்கிருந்தோ பீறிட்டால் உப்புக்கோடு படிந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்தச் சுவர் ஒரு தாள். எஞ்சின் தன் நோயைத் தானே அதில் எழுதுகிறது. அதன்மேல் மின்னும் தகட்டைப் பொருத்தினால் இரண்டு விஷயம் நடக்கும். தகட்டுக்குப் பின்னால் கசிவது தெரியாது. தகட்டின்மேல் விழுவதும் ஆயிரம் பளபளப்புக்கு நடுவே தெரியாது.

இன்னும் இருக்கிறது. உப்புக்காற்றில் அலுமினியத் தகட்டை எவர்சில்வர் திருகுபோட்டு நேரடியாக முடுக்கினால், இரண்டு உலோகங்களுக்கும் இடையே ஈரத்தின் வழியே மின்னோட்டம் உண்டாகி, திருகைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவே நைலான் வாஷர் வைக்க வேண்டும். கழற்ற முடியாதபடி தகட்டை ஒட்டிவிட்டால், பின்னாலிருக்கும் வால்வையோ ஹோஸ் கிளாம்ப்பையோ அவசரத்தில் எட்ட முடியாது. கடல்நீர் வால்வை மூட முடியாத படகு மூழ்கும், அதில் இலக்கிய நயம் ஒன்றும் இல்லை. பெட்ரோல் எஞ்சின் என்றால் இன்னும் மோசம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். அதனால்தான் கிளப்புவதற்கு முன் நான்கு நிமிடமாவது காற்றிழுக்கும் விசிறியை ஓடவிடச் சொல்லி எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். அந்த விசிறிக்குப் போகும் குழாயின் வாயை அழகான தகடு அடைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதே அறையில் தகடு நியாயமாக வேலைசெய்யும் ஒரு இடமும் உண்டு. எஞ்சின் சத்தத்தைக் குறைக்கச் சுவரில் தடித்த ஸ்பான்ஜ் போன்ற பொருளை ஒட்டுவார்கள். அது எண்ணெயை உறிஞ்சும், உதிரும், அதன்மேல் ஒரு காப்பு வேண்டும். முழுத் தகட்டைப் போர்த்தினால் சத்தம் அதில் பட்டுத் திரும்பிவிடும், உள்ளே போகாது. அதனால் துளையிட்ட அலுமினியத் தகடு. சத்தம் துளைகள் வழியே உள்ளே போய் அடங்கும், வெளியே பார்ப்பவருக்குச் சீரான புள்ளிக்கோலம் தெரியும். துளைகளை எடுத்துவிட்டால் அழகும் போகும், பயனும் போகும். இரண்டும் ஒரே துளை. செதில் வட்டங்களுக்கும் இந்தத் துளைகளுக்கும் உள்ள வித்தியாசம் என் மண்டைக்குள் பல நாள் சுற்றிக்கொண்டிருந்தது.

நம் அணியிலக்கணத்தில் இதற்கு ஒரு சுவாரசியமான இடம் இருக்கிறது. தண்டியலங்காரம் பொருளணிகளை வரிசையாகச் சொல்லும்போது முதலில் வைப்பது உவமையை இல்லை. தன்மையணியை. ஒரு பொருளின் இயல்பை உள்ளது உள்ளபடி சொல்வது. அலங்காரங்களின் பட்டியலில் முதல் அலங்காரமே அலங்காரம் செய்யாமல் இருப்பது! அது எப்படி அணியாகும் என்று கல்லூரியில் இதைப் படிக்கும் பலரும் ஒருமுறையாவது குழம்பியிருப்பார்கள். வெள்ளைப் பெயின்ட் அடித்த எஞ்சின் அறையை யோசித்தால் எனக்கு அது சட்டென்று புரிகிறது.

*

அலங்காரத்துக்கு எதிரான வழக்கு என்றால் அடால்ஃப் லூஸ் பெயர் வந்துவிடும். வியன்னாவில் 1910இல் உரையாகச் சொல்லி, 1913இல் முதலில் பிரெஞ்சில் அச்சான ‘அலங்காரமும் குற்றமும்’ கட்டுரை. நாகரிகம் வளர வளர அன்றாடப் பொருட்களிலிருந்து அலங்காரம் உதிர்ந்துவிடும், இன்றும் அலங்கரிப்பவன் பின்தங்கியவன் அல்லது குற்றவாளி என்பது அவர் வாதம். பாப்புவா மக்களின் பச்சைகுத்தலை அவர் கையாளும் விதம் இன்று வாசிக்கையில் குமட்டுகிறது. அதைப் பூசி மெழுகிச் சொல்ல முடியாது. ஆனால் கட்டுரையில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே லூஸ் தன் வாதத்தைத் தானே கிழித்துக்கொள்கிறார். செருப்புத் தைப்பவரிடம் போய் வழக்கமான விலையைவிட அதிகம் தருகிறேன் என்கிறார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல தோல், நல்ல வேலைப்பாடு என்று கனவு காண ஆரம்பிக்கிறார். உடனே லூஸ் ஒரு நிபந்தனை போடுகிறார்: பூ வேலை எதுவும் கூடாது, மொழுக்கென்று இருக்க வேண்டும். வேலை குறைந்தது, கூலி கூடியது, ஆனால் அந்த மனிதரின் மகிழ்ச்சி முழுவதையும் பிடுங்கிக்கொண்டேன் என்று லூஸே எழுதுகிறார். பிடுங்க மனமில்லாமல் தன் செருப்பில் அலங்காரத்தைப் பொறுத்துக்கொள்கிறார்.

அதோடு விட்டாரா? வியன்னாவில் அவர் 1908இல் வடிவமைத்த அமெரிக்கன் பார் இன்றும் இருக்கிறது. குட்டியூண்டு அறை. உள்ளே பளிங்கு, ஓனிக்ஸ் கல், மஹோகனி மரம், பித்தளை, கண்ணாடி. செதுக்கவில்லை, வரையவில்லை, சரிதான். ஆனால் பளிங்கின் நரம்போட்டமே போதுமான பூ வேலை. அவர் அலங்காரத்தை விரட்டவில்லை, கல்லிடம் ஒப்படைத்தார். கல்லுக்குக் கூலி கொடுக்க வேண்டாம் பாருங்கள்.

ரஸ்கின் வேறு மாதிரி. 1849இல் வெளியான ‘கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்’ நூலில், ஓர் அலங்காரத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி அதைச் செதுக்கியவன் மகிழ்ச்சியோடு செதுக்கினானா என்பதுதான் என்கிறார். அழகான கேள்வி. அதே நூலில், பரபரப்பாக வேலை நடக்கும் இடங்களில் அலங்காரமே கூடாது, ரயில் நிலையத்தில் அலங்காரம் செய்வது முட்டாள்தனம் என்றும் சொல்கிறார். மனிதன் அங்கே நின்று பார்க்கப் போவதில்லை என்பது அவர் காரணம். ஆக, ரஸ்கினின் ஒரு விளக்கு நம் படகுக்காரரை அனுமதிக்கிறது, இன்னொரு விளக்கு விரட்டுகிறது. குளிர்கால ஞாயிறுகளில் 5000 வட்டம் போட்டவர் மகிழ்ச்சியாகத்தான் போட்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ரஸ்கின் சொன்னதற்கு நேரெதிராக 1865இல் லண்டன் அருகே ஒன்று எழுந்தது. கிராஸ்னஸ் கழிவுநீர் ஏற்று நிலையம். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி நாடாளுமன்றத்தையே நிலைகுலைய வைத்தபிறகு ஜோசப் பேசல்கெட் கட்டிய சாக்கடை அமைப்பின் கடைக்கோடி. நான்கு ராட்சத நீராவி எஞ்சின்கள் சாக்கடையை மேலே ஏற்றும், கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து ஆற்றில் திறந்துவிடுவார்கள். அந்த எஞ்சின்களைச் சுற்றி வார்ப்பிரும்பில் இலைகள், கொடிகள், தூண்கள், சிவப்பும் பச்சையுமாக வண்ணம். மலம் ஏற்றும் இடத்தில் அரண்மனை மண்டபம். கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த நகரத்துக்குக் காலராவின் நினைவு இருந்தது. நன்றி சொல்ல வேண்டிய இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

*

இதுவரை பார்த்ததெல்லாம் கரையில். கப்பலின் எஞ்சின் அறைக்குள் இலக்கியம் எப்போது இறங்கியது?

கிப்ளிங் 1894இல் வெளியிட்ட ‘மெக்ஆண்ட்ரூவின் துதிப்பாடல்’ கவிதையில் இறங்கியது என்று சொல்லலாம். ஸ்காட்லாந்துக்கார எஞ்சினியர் ஒருவர் நள்ளிரவில் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். தவறிழைக்க இடமில்லாத அந்த இயக்கத்தில் அவருக்குத் தன் கால்வினியக் கடவுள் தெரிகிறார். ஒரு பிரபு வந்து, நீராவி வந்தபிறகு கடலின் கவித்துவம் போய்விட்டதல்லவா என்று கேட்டதை நினைத்து அவர் பொருமும் இடம் அருமை. அன்று காலைதான் அவர் எஞ்சினுக்குள் தலையைவிட்டு, மூக்கு இடிபடும் தூரத்தில் மல்லாந்து சோதித்திருக்கிறார். கவித்துவம் எங்கே என்று மேல்தளத்து நாற்காலியில் இருப்பவன் கேட்கிறான். நீராவியைப் பாட ஒரு பர்ன்ஸ் வரமாட்டானா என்று அவர் ஏங்குகிறார். கிப்ளிங்கின் அரசியல் நமக்குத் தெரிந்ததுதான், அதைத் தனியாகத் திட்டிக்கொள்ளலாம். இந்தக் கவிதையில் அவர் காது கூர்மை.

கான்ராடின் ‘டைஃபூன்’ (1902) கதையில் நான்-ஷான் என்ற கப்பல் சூறாவளியில் சிக்குகிறது. மேலே கேப்டன் மெக்விர், கீழே தலைமை எஞ்சினியர் சாலமன் ரவுட். எஞ்சின் அறைக்காட்சியில் எல்லாமே மினுமினுக்கிறது. துடைத்துவைத்த எஃகும் பித்தளையும், புயலின் நடுவே ஒரு கோயில் கருவறை மாதிரி ஒழுங்கு. அதே கப்பலின் இருட்டான சரக்கறையில் ஊர் திரும்பும் 200 சீனக் கூலிகள். அலையில் பெட்டிகள் உடைந்து, பல வருடம் சேர்த்த வெள்ளிக்காசுகள் சிதறி, அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் உருள்கிறார்கள். கான்ராட் இரண்டையும் மகத்தாக எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டும் தனித்தனி அறை. எஃகின் ஒளி ஒருபக்கம், கூலிகளின் உடல்கள் மறுபக்கம். அந்த எஃகைத் துடைத்த கை யாருடையது என்று கதை கேட்பதில்லை.

யூஜின் ஓநீலின் ‘தி ஹேரி ஏப்’ (1922) நாடகத்தில் உலை அறைக்குள் ஒரு பார்வையாளர் வருகிறார். எஃகு முதலாளியின் மகள், வெள்ளை உடையில். கரியள்ளிப்போடும் யாங்க் என்பவனைப் பார்த்து அருவருத்து மயங்குகிறாள். அதுவரை இந்தக் கப்பலே என்னால்தான் ஓடுகிறது என்று மார்தட்டியவன் அந்த ஒரு பார்வையில் உடைந்துபோகிறான். நாடகம் இன்று கொஞ்சம் கத்தலாகத் தெரிகிறது, ஆனால் யார் பார்க்க வருகிறார்கள் என்பதால் ஓர் அறையின் அர்த்தமே மாறும் என்பதை அவ்வளவு நேரடியாகச் சொன்ன வேறு படைப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இவர்கள் எல்லோரையும்விட நான் நீளமாகப் பேச விரும்புவது ரிச்சர்ட் மெக்கென்னாவைப் பற்றி. தமிழில் அதிகம் பேசப்படாத பெயர். 1913இல் ஐடஹோவில் பிறந்தவர். 1931இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து 22 வருடம் எஞ்சின் அறையிலேயே வேலை. யாங்சி நதியில் ஓடிய பீரங்கிப்படகிலும் இருந்திருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு கல்லூரியில் சேர்ந்து இலக்கியம் படித்து, 1962இல் ‘தி ஸாண்ட் பெப்பிள்ஸ்’ நாவலை வெளியிட்டார். இரண்டே வருடத்தில் இறந்துபோனார்.

கதை 1920களின் நடுவில், சீனாவில் நடக்கிறது. ஸான் பாப்லோ என்ற பழைய பீரங்கிப்படகுக்கு ஜேக் ஹோல்மன் என்ற எஞ்சின்காரன் மாற்றலாகி வருகிறான். அவனுக்குக் கடற்படையின் சல்யூட், அணிவகுப்பு எதுவும் பிடிக்காது. எஞ்சின் மட்டும் போதும். வந்து பார்த்தால் படகு ஓர் விசித்திர உலகமாக இருக்கிறது. சமைப்பது, சவரம் செய்வது, தரையைத் தேய்ப்பது, உலைக்குக் கரி போடுவது, எஞ்சினுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் சீனக் கூலிகள். அமெரிக்க மாலுமிகள் மேல்தளத்தில் பயிற்சி செய்கிறார்கள், விறைப்பாக நிற்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் படகு மின்னுகிறது. கீழே எஞ்சினில் ஒரு தட்டும் சத்தம். பல காலமாக இருக்கிறது. யாருக்கும் அதன் காரணம் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். கூலிகளுக்கு எஞ்சினை எப்படி ஓட்டுவது என்று தெரியும், ஏன் ஓடுகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. மாலுமிகளுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை.

ஹோல்மன் தானே வேலை செய்வேன் என்று இறங்குகிறான். படகின் மொத்த ஒழுங்கும் குலைகிறது. ஒரு கூலியின் சோற்றுக்கிண்ணத்தில் அவன் கைவைத்ததாக அர்த்தமாகிறது. தலைமைக் கூலி சியென் எஞ்சினுக்குள் நசுங்கிச் சாகிறார். அதன்பிறகு போ-ஹான் என்ற கூலிக்கு ஹோல்மன் எஞ்சினைச் சொல்லித்தர நேர்கிறது. இருவருக்கும் பொதுமொழி கிடையாது, உடைந்த பிட்ஜின் ஆங்கிலம்தான். ஒவ்வொரு வால்வாகக் காட்டி, நீராவி எங்கே பிறக்கிறது, எங்கே சாகிறது என்று சொல்லித்தரும் பக்கங்கள்தான் நாவலின் உச்சம். போர்க்காட்சிகள் இல்லை, காதல் இல்லை, இதுதான். ஒரு மனிதன் வெறும் சடங்காகச் செய்துவந்த வேலையை முதன்முறையாகப் புரிந்துகொள்ளும் கணம். அவன் முகம் மாறுவதை மெக்கென்னா அலட்டிக்கொள்ளாமல் எழுதியிருக்கிறார். 22 வருடம் அந்த வெக்கையில் நின்றவனுக்குத்தான் அது வரும்.

கான்ராட் இரண்டு அறைகளாகப் பிரித்துவைத்ததை மெக்கென்னா ஒரே அறையாக்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. எஃகும் கூலியும் ஒரே இடத்தில். யார் துடைக்கிறார், துடைப்பவருக்கு அது என்னவென்று தெரியுமா என்ற கேள்வி இங்கே வந்துவிடுகிறது. ஸான் பாப்லோவின் மேல்தளம்தான் அலங்காரத் தகடு. அந்த அணிவகுப்பும் வெள்ளைச் சீருடையும் கரையிலிருந்து பார்ப்பவர்களுக்காக. பின்னால் என்ன கசிகிறது என்பதை அது மறைக்கிறது. படகில் கசிவதையும், சாம்ராஜ்யத்தில் கசிவதையும்.

குறை இல்லாத நாவல் இல்லை. பெண் பாத்திரங்கள் இருவரும் ஹோல்மனுக்கும் அவன் நண்பனுக்கும் துணையாக நிற்பதற்கே படைக்கப்பட்டவர்கள் போலிருக்கிறார்கள். எஞ்சின் மீதான ஹோல்மனின் பக்தியை நாவல் கொஞ்சமும் சந்தேகிப்பதில்லை. எஞ்சின் பொய் சொல்லாது, மனிதர்கள்தான் சொல்வார்கள் என்கிற ரொமான்டிசிசம் அது. ஆனால் அந்த எஞ்சின் யாங்சிக்குள் எதற்காக ஓடுகிறது? பீரங்கியைச் சுமந்துகொண்டுதானே? மேல்தளத்தை அத்தனை கூர்மையாகப் பார்த்தவர் இதில் பாதிதூரம்தான் போகிறார். 1966இல் ராபர்ட் வைஸ் இதைப் படமாக்கினார், ஸ்டீவ் மெக்குவீன் ஹோல்மன், மாகோ போ-ஹான். இருவருக்கும் ஆஸ்கர் பரிந்துரை. மாகோ அற்புதம். மூன்று மணிநேரப் படத்தில் எஞ்சினுக்குக் கிடைத்த இடம் போதாது என்பது என் புலம்பல், படம் பார்த்த நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை. இதுவே ஜாஸ்தி என்கிறார்கள்.

*

எஞ்சினை எல்லோரும் பார்க்கட்டும் என்று திறந்துவைத்த கப்பல்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் ‘வேவர்லி’ துடுப்புச்சக்கரக் கப்பல் 1947இலிருந்து ஓடுகிறது. 1974இல் அது ஒரு பவுண்டுக்கு ஆர்வலர் சங்கம் ஒன்றுக்குக் கைமாறியது. அதில் பயணிகள் நடக்கும் வழியின் ஓரத்திலேயே எஞ்சின். குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்க்கும். அங்கே அலங்காரத் தகடு எதுவும் இல்லை. துடைத்த எஃகு, பித்தளை எண்ணெய்க் கிண்ணங்கள், பெயின்ட். யாராவது அசைவைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று தெரிந்தால் சுவரைப் பற்றி யாருக்குக் கவலை?

இதை எழுதும்போது நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. இணையத்தில் இப்போது வரும் புனைவுகளில், என்னுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மீன்செதில் வாக்கியங்கள் அதிகமாகிவிட்டன. ஒவ்வொரு வரியும் தனித்தனியாக மின்னுகிறது, பகிரத் தோதாக இருக்கிறது. கதையில் ஒருவன் வேலையை விட்டதற்குக் காரணம் சரியாக இல்லை, அம்மா ஏன் அழுதாள் என்று ஆசிரியருக்கே தெரியவில்லை. அந்த இடத்தில் பார்த்தால் ஒரு மழை, ஒரு பறவை, அந்திவெயிலைப் பற்றி இரண்டு வரி. கசியும் இடத்தின்மேல் கச்சிதமாகத் தகடு. நல்ல எடிட்டர் மெக்கானிக் மாதிரி, முதலில் தகட்டைக் கழற்றிப் பார்க்கணும். சிலர் கழற்ற முடியாதபடி ஒட்டிவைத்திருக்கிறார்கள். அதுதான் பிரச்சினை.

அதற்காக நான் லூஸின் பக்கம் போய் நிற்கப்போவதில்லை. 5000 வட்டம் போட்டவர்மேல் எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை. ஒரு படத்தில் பார்த்தேன். தகட்டை நாலு கால்திருப்புத் திருகுகளில் மாட்டியிருந்தார், விரலால் திருப்பினாலே கழன்றுவிடும். வால்வு இருக்கும் இடத்தில் கை நுழையும் அளவுக்குத் துல்லியமாக வெட்டி ஓரத்துக்கு ரப்பர் விளிம்பு போட்டிருந்தார். எஞ்சினுக்கு நேர் கீழே உள்ள தட்டில் மட்டும் வேலைப்பாடு எதுவும் இல்லை, வெறும் வெள்ளை. சொட்டினால் தெரிய வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறார். அந்த வெள்ளைத் தட்டுதான் அவருடைய தன்மையணி.

மெக்கென்னா இரண்டாவது நாவலை ஆரம்பித்திருந்தார், முடிக்கவில்லை. கிடைத்த பகுதிகளை வேறு சில எழுத்துகளோடு சேர்த்து 1967இல் ‘தி சன்ஸ் ஆஃப் மார்த்தா’ என்ற தலைப்பில் புத்தகமாகப் போட்டார்கள். அந்தப் பெயர் கிப்ளிங்கின் 1907ஆம் வருடக் கவிதை ஒன்றின் பெயர். லூக்கா சுவிசேஷத்தில் இயேசு வீட்டுக்கு வந்தபோது மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, அடுப்படியில் அல்லாடிய அக்கா மார்த்தாள்தான் அது. கிப்ளிங் அவளுடைய பிள்ளைகள் என்று சொல்வது பாலம் கட்டுகிறவர்களையும் பாதை போடுகிறவர்களையும் எஞ்சின் பக்கத்தில் நிற்கிறவர்களையும்.